செம விரால்

நியூஜெர்சியில் நாங்கள் மீனுக்கு ஷாக் கொடுப்போம். முதுகில் பேட்டரிப் பெட்டியை மாட்டிக்கொண்டு, கையில் நீளக் கம்பியோடு ஓடைக்குள் இறங்கினால், பக்கத்தில் இருக்கும் மீன்கள் சற்று நேரம் மயங்கி மிதக்கும். அள்ளி, அளந்து, எண்ணி, பத்திரமாகத் திரும்ப விட்டுவிடுவோம். கானாவில் கதை தலைகீழ். மீன் பிடிக்க வைத்த மூங்கில் பறிக்குள் கையை விட்ட முதல் வாரமே ஒரு மின்கெளுத்தி எனக்கு ஷாக் கொடுத்தது. தோள்பட்டை வரைக்கும் சுரீர் என்று ஏறி, நான் சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். படகில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அன்று வேறு எந்த மீனும் பறிப் பக்கம் வரவில்லை.

மீனை எண்ணுவதுதான் என் பிழைப்பு. மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் தெருவில் இதைப் புரிய வைப்பது லேசான காரியமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் ஐ.டி. புதிதாகக் குடிவந்த ஒருவர் பாட்லக் விருந்தில், தட்டு நிறைய பிசிபேளாபாத்தோடு வந்து, "நீங்க எதுல இருக்கீங்க?" என்று கேட்டார். "ஃபிஷ் சர்வே பண்றேனுங்க" என்றேன். "ஓ, ஃபிஷிங்கா? சைபர் செக்யூரிட்டிக்கு இப்ப நல்ல டிமாண்ட்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். உயிரோடு நீந்துகிற மீன் என்று விளக்கியதும் முகத்தில் இருந்த மரியாதை பாதி இறங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கலங்கிய தண்ணீரில் வாலை மட்டும் பார்த்து இது இன்ன மீன் என்று சொல்ல எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

ஆபீஸ் பார்சிப்பனியில். சின்ன நிறுவனம். எங்காவது அணை கட்டுவதற்கு முன்னால், சாலை போடுவதற்கு முன்னால், அங்கே தண்ணீருக்குள் என்ன உயிர் இருக்கிறது, எதை நம்பி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. கானாவின் தென்மேற்கில் ஓர் ஆற்றையும் அதன் கிளைகளையும் பார்த்துச் சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். கரையோரமாக ஒரு சாலை வரப்போகிறது. அதற்குப் பணம் போடுகிறவர்கள் டெக்சாஸில், ஹூஸ்டனில் இருந்தார்கள். மீன் பகுதிக்கு நான் பொறுப்பு.

மழை தொடங்கும் நேரத்தில் போனோம். ஆறு நெடுக இடங்களைக் குறித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்திருந்தோம். வலை, பறி, அளக்கும் பலகை, தண்ணீரில் ஆக்சிஜன் பார்க்கும் மீட்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் இடமாக ஏறிப் போவோம். தரை மணலா சேறா, மர நிழல் எவ்வளவு, ஓட்டம் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் மீனையே தொடுவோம். வீட்டைப் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம்?

அந்த ஆற்றுக்கு வீடு சரியில்லை. மேலே எங்கோ தங்கத்துக்காகக் கரையைத் தோண்டுகிறார்கள். அந்த மண் முழுக்கக் கீழே வந்து, ஆறு பால் விட்ட டீ மாதிரி ஓடியது. தெளிவு பார்க்கும் வெள்ளைத் தட்டை இறக்கினால் ஒரு சாண் போவதற்குள் மறைந்துவிடும். வலையில் விழுந்ததும் கொஞ்சம்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆறாவது இடம் முடிந்தபோது இந்த ஆற்றில் நல்ல செய்தியே கிடையாதா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

ஏழாவது இடம் ஒரு சதுப்பு. காட்டுக்குள் தேங்கி நிற்கிற தண்ணீர். இலை ஊறிக் கறுத்திருந்தாலும் கலங்கல் இல்லை. கடுங்காப்பி மாதிரி, கறுப்பு ஆனால் தெளிவு. ஒரு குறுகிய வாய் வழியாக அது ஆற்றோடு சேர்ந்திருந்தது. மழையில் ஆறு ஏறும்போது தண்ணீர் அந்த வாய் வழியாக உள்ளே போகும், கூடவே மீனும் போகும். உள்ளே முட்டையிட்டு, குஞ்சு பெரிதாகி, மறுபடி அதே வாய் வழியாக ஆற்றுக்கு வரும். சாலை போகப்போவது சரியாக அந்த வாய்க்கு மேலேதான். ஹூஸ்டன்காரர்களிடம் இரண்டு வரைபடம் இருந்தது. ஒன்றில் அங்கே பாலம். இன்னொன்றில் மண்கரை. மண்கரை என்றால் வாய் அடைபடும், சதுப்பு செத்துப்போகும். எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி அந்தச் சதுப்பை வைத்துப் பிழைப்பவள். இரண்டு படகும், மீனைப் புகை போடும் வரிசை அடுப்புகளும் அவளுடையவை. அங்கும் நம் ஜனங்கள் நிறைந்த எடிசன், டப்ளின் மாதிரிதான், வயதில் மூத்த பெண் என்றால் ஆன்ட்டி. ஊரே அவளை ஆன்ட்டி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். குரலுக்குப் பயந்து கோழிகூட ஒதுங்கிப் போகும். சந்தையில் அவள் சொன்ன விலைக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. முதல் நாளே என்னை நிற்கவைத்து நேராகக் கேட்டாள்.

"அந்தச் சாலைக்காரர்கள் என் தண்ணீரின் வாயை அடைக்கப் போகிறார்களா?"

"அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன், ஆன்ட்டி. உள்ளே மீன் இருந்தால் இருக்கிறது என்று எழுதுவேன்."

"இருக்கிறது. எழுது" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

இருந்தது. அதுவும் எப்படி! அந்தச் சதுப்பின் ஓரத்தில், நாணலுக்கு நடுவே, தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஓரிடத்தில் குமிழ் குமிழாக வந்தது. கிட்டே போனால் பொடிக் குஞ்சுகள், ஒரு கூட்டமாக. அதற்குக் கீழே, தடிமனான கறுப்பு உடம்பு ஒன்று அசையாமல் நின்றது. நீளத் தலை, பக்கவாட்டில் திட்டுத் திட்டாகக் கறை. குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிறது. பறியில் விழுந்த இன்னொன்றைக் கையில் பிடித்துப் பார்த்தேன். வழவழ என்று கையை விட்டு எகிறியது. ஆப்பிரிக்க விரால். பவானிக்காரியான எனக்கு விராலைத் தெரியாதா? எங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் மறுவாரம் விரால் குழம்புதான். அதன் சித்தப்பா பையன் மாதிரி ஒருத்தன் இங்கே காட்டுச் சதுப்பில் குடும்பத்தோடு இருந்தான். நான் கத்திய கத்தலில் படகு ஆடிப்போனது.

இப்போது எங்கள் டேட்டா சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்சிப்பனியில் உட்கார்ந்து, நாங்கள் காட்டிலிருந்து அனுப்புவதையெல்லாம் அட்டவணையாக்குவது அவர் வேலை. மயிலாப்பூர்க்காரர். கெட்டிக்காரர், நேர்மையானவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முட்டைகூடத் தொடாத சைவம். மீன் கம்பெனியில் வேலை பார்த்தாலும் மீனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். நானும் அவரும் மெசேஜ் பண்ணிக்கொள்வது நம் ஜனங்கள் எல்லோரும் பண்ணுகிற மாதிரிதான். தமிழில் பேசி, ஆங்கில எழுத்தில் தட்டி, நடுவில் பாதி ஆங்கிலத்தையே போட்டுவிடுவது. விஞ்ஞானப் பெயர்களை ஈரக் கையோடு தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று அவருக்குச் சில தமிழ்ப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். திலாப்பியாவுக்கு நம் ஊரில் ஜிலேபி என்று பெயர் என்று கேட்டு அன்று முழுக்கச் சிரித்தார். "சைட் த்ரீல ஜிலேபி முப்பது" என்று அனுப்பினால், "ஜீரா கம்மியா மேடம்?" என்று பதில் வரும். விராலை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதுவரைக்கும் விரால் அகப்படவே இல்லையே.

அன்று சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று, சந்தோஷம் தாங்காமல் அவருக்குத் தட்டியது இது:

"சைட் செவன் ஃபுல்லா செம விரால். ரெண்டு கரையிலயும். பாடி முழுக்க பேட்ச் பேட்ச்சா இருக்கு. மேல வந்து வாயப் பொளந்து காத்து இழுக்குது. தண்ணில ஆக்சிஜன் ரொம்ப லோ. குஞ்சுங்களும் அப்டியே."

உடனே பதில் வந்தது: "அய்யோ. கன்ஃபர்மா?"

அந்த 'அய்யோ'வை நான் ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டேன். "கையால புடிச்சே பாத்தேன் சார். டவுட்டே வேணாம். அப்புறம் படம் அனுப்பறேன்" என்று தட்டிவிட்டு இறங்கிவிட்டேன். மறுநாள் மேல் ஆற்றுக்குக் கிளம்பினோம். அங்கே சிக்னல் என்பது வெறும் கேள்விப்பட்ட விஷயம்தான்.

நூவர்க் ஏர்போர்ட்டில் வந்து இறங்கி, ஒரு தூக்கம் போட்டு, 287 ஹைவே டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே ஆபீஸுக்குப் போனேன். டேட்டா சார் ரொம்ப வருத்தமான முகத்தோடு எழுந்து நின்றார்.

"ரொம்ப ஸாரி மேடம். அந்த சைட் செவன்... கேட்டதும் மனசே சரியில்ல. நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டுப் போயிருக்கீங்க."

"எதுக்குங்க சார் ஸாரி? சைட் செவன்தான் இந்த ட்ரிப்லயே சூப்பர்."

அவர் குழம்பிப்போய்த் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். க்ளையன்ட் அவசரமாகக் கேட்டதால் முன்கூட்டியே அனுப்பிவிட்ட சுருக்கம் அது. ஏழாவது இடத்துக்கு நேராக இருந்த ஆங்கில வாக்கியத்தை நான் இரண்டு தடவை படித்தேன். 'கடுமையான வைரஸ் தொற்று, இரு கரைகளிலும். உடலில் புண்திட்டுகள். மீன்கள் மூச்சுத் திணறி மேற்பரப்பில் வாய் திறக்கின்றன. குஞ்சுகளுக்கும் பரவியுள்ளது. நேரில் உறுதி செய்யப்பட்டது.'

வீ, ஐ, ஆர், ஏ, எல். ஆங்கில எழுத்தில் விராலும் அதுதான், வைரலும் அதுதான். 'செம' அவருக்கு 'கடுமையான' ஆகிவிட்டது. மீனின் அழகான கறை புண்ணாகிவிட்டது. காற்றைச் சுவாசிக்கப் பிறந்த மீன் மேலே வந்து மூச்சு விட்டது திணறலாகிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் சரி, மொத்தமும் தப்பு. நான் போட்ட கூச்சலில் கான்ஃபரன்ஸ் ரூமில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"விரால் சார்! விரால்! மீனு! விரால் மீனுன்னு கேள்விப்பட்டதே இல்லையா நீங்க?"

"எங்காத்துல யாரு மேடம் எனக்கு விரால் சொல்லுவா?" என்றார் பாவமாக.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம் இரண்டையும் முந்திக்கொண்டது. அவர்மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? சந்தேகம் என்று கேட்டவர் அவர். டவுட்டே வேண்டாம் என்று சொன்னவள் நான். அவர் உடனே திருத்தம் எழுதி அனுப்பினார், தப்பு என்னுடையது என்று தன் பெயரைப் போட்டு. ஆனால் அதற்குள் ஹூஸ்டனிலிருந்து பதில் வந்திருந்தது. நோய் பிடித்த சதுப்பை ஆற்றிலிருந்து பிரிப்பதே ஆற்றுக்கு நல்லது, ஆகவே மண்கரை பொருத்தமானது என்று அவர்களுடைய இன்ஜினியர் எழுதியிருந்தார். திருத்தம் போன பிறகும் அவர் இறங்கி வரவில்லை. வியாழக்கிழமை நேரில் வருகிறேன், பேசிக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு அந்த இன்ஜினியரைத் தெரியும். கெட்டவர் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், அவ்வளவுதான். மண்கரைக்குச் செலவும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். இத்தனை நாள் அதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு நல்ல காரணம் இல்லாமல் இருந்தது. நான் மேட்டில் ஏறி நின்று அந்தக் காரணத்தை அவர் கையில் கொடுத்திருந்தேன். "இருக்கிறது, எழுது" என்று சொன்னவளின் அடுப்புகள் கண்ணில் வந்து நின்றன. தோற்றுப்போகலாம் என்ற நினைப்பு மட்டும் எனக்கு வரவே இல்லை. மீன் என் பக்கம் இருக்கிறது, அப்புறம் என்ன?

படங்களை எடுத்து வைத்தேன். குஞ்சுக் கூட்டத்தின் வீடியோவை எடுத்து வைத்தேன். செவுளையும் தோலையும் பெரிதாக்கி எடுத்த படங்களைப் பார்த்து, நோய் அறிகுறி ஒன்றும் இல்லை என்று மீன் நோய் தெரிந்த ஒருவர் எழுதியும் கொடுத்தார். வியாழன் காலையில் கிளம்பும்போது டேட்டா சார் போன் பண்ணினார்.

"மேடம், ஒரு ஐடியா. விரால்னா மீனுதான்னு அவர் நம்பணும். நாம சொன்னா கதை விடறோம்னு நினைப்பார். இண்டியன் ஸ்டோர்ல கிடைக்குமா?"

கிடைத்தது. பார்சிப்பனியிலேயே, நாங்கள் எல்லோரும் கறிவேப்பிலை வாங்குகிற கடையில். பின்பக்கம் ஃப்ரீஸர் வரிசையில் நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் எல்லாம் தாண்டி, துண்டு போட்ட விரால் பாக்கெட் பனி படர்ந்து கிடந்தது. மேலே பெரிய எழுத்தில் வீ, ஐ, ஆர், ஏ, எல் என்று அச்சடித்திருந்தது. டேட்டா சார் இரண்டு அடி தள்ளி நின்று, மூக்கைப் பொத்தாமல் இருக்க முயற்சி பண்ணிக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷமா இந்தக் கடைக்கு வரேன் மேடம். இந்தப் பக்கம் திரும்பினதே இல்ல."

"நீங்க திரும்பியிருந்தா எனக்கு இந்தப் பாடே இல்லைங்க சார்."

பாக்கெட்டை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை. தன்னுடைய தயிர்சாதம் வருகிற, குளிர் தாங்கும் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டப்பாவை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பாக்கெட்டைத் தன் கையாலேயே உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார். இனிமேல் இந்தப் பை வீட்டுக்குள் நுழையாது என்று மட்டும் சொன்னார். அவரை அப்போது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஹூஸ்டன் இன்ஜினியர் உயரமான மனிதர். கான்ஃபரன்ஸ் ரூமில் என் மேலதிகாரிகளுக்கும் எங்களுக்கும் பணிவாகக் கைகொடுத்தார், பணிவாக உட்கார்ந்தார். டேட்டா சார் எழுந்து, நடுங்காத குரலில், தான் பண்ணின தப்பைச் சொல்லி முடித்து, பாக்கெட்டை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். இன்ஜினியர் எழுத்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்கு உயிர் வந்தது.

"சரி, இது மீன். ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கு என்ன பெயர்?"

நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ஸ்னேக்ஹெட்" என்றேன்.

அவர் முகம் மாறியது. மாறாமல் என்ன செய்யும்? ஸ்னேக்ஹெட் என்றால் இந்த நாட்டில் திருடன் மாதிரி. ஆசியாவிலிருந்து வந்து இங்குள்ள ஆறுகளில் புகுந்துவிட்ட இனம் ஒன்று உண்டு. பிடித்தால் திரும்ப விடாதே, கொன்றுவிடு என்று படகுத் துறைகளில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நானே ஒட்டியிருக்கிறேன்.

"அப்படியானால் அந்தச் சதுப்பு முழுக்க ஊடுருவிய மீனா? அது ஆற்றுக்குள் போகாமல் தடுப்பதுதானே நல்லது?"

"இல்லை சார். இங்கே அது அந்நியன். அங்கே அதுதான் வீட்டுக்காரன். அந்த ஆறு அதன் சொந்த ஆறு."

விளக்கினேன். படம் காட்டினேன். குஞ்சுகளுக்குப் பெரிய மீன் காவல் நிற்கிற வீடியோவை ஓட்டினேன். செவுள் படத்தை, நோய் இல்லை என்ற எழுத்தை, எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன். பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "உங்கள் திறமைமேல் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் நோய் என்று வந்தது, இப்போது நோய் இல்லை என்று வருகிறது. இரண்டுமே இந்த ஆபீஸிலிருந்துதான் வருகிறது. நான் எதை நம்புவது?" என்றார்.

நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. "எங்களை நம்ப வேண்டாம். தினமும் அந்த மீனை அறுக்கிறவளைக் கேளுங்கள்" என்று சொல்லி, போனை எடுத்து ஆன்ட்டிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கே மத்தியான வியாபார நேரம். பின்னால் சந்தை இரைச்சலோடு அவள் குரல் வந்தது. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு.

இன்ஜினியர் மேஜைப் பக்கம் குனிந்து, "மேடம், சதுப்பில் இருக்கும் மீன்களுக்கு ஏதாவது நோய் உண்டா?" என்றார்.

"நோயா? என் மீனுக்கா? யார் சொன்னது?"

டேட்டா சார் தன் ஷூவைப் பார்த்தார். நான் என்ன நடந்தது என்று சொன்னேன். ஒளிக்காமல், எங்கள் மொழியில் அந்த மீனுக்கு ஒரு பெயர், அதைத் தட்டியதில் இப்படி ஆகிவிட்டது, அமெரிக்காவில் வேறு ஒரு பெயர், அதில் இன்னொரு குழப்பம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என் வீட்டில் சாப்பிட்டாய். என் படகில் போனாய். அந்த மீனுக்கு நாங்கள் என்ன பெயர் சொல்கிறோம் என்று என்னை ஒரு தடவை கேட்டாயா?"

கேட்கவில்லை. அந்த மீனைப் பார்த்த கணத்திலேயே எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது, அப்புறம் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்த அறையில், என் மேலதிகாரிகளுக்கு முன்னால், "கேட்கவில்லை, ஆன்ட்டி" என்றேன். அவள் மன்னிக்கிற தொனியிலும் பேசவில்லை, திட்டவும் இல்லை. பெயரைச் சொன்னாள். என்னைத் திரும்பச் சொல்ல வைத்தாள். தப்பாகச் சொன்னேன், மறுபடி சொன்னாள். டேட்டா சார் எழுதிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அவளிடம் படித்துக் காட்டினார். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பேனாவை வைத்தார். இன்ஜினியரும் தன் பக்கத்துத் தாளில் அதை எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு அவள் அவரைக் கூப்பிட்டாள். "அந்தச் சாலைக்கார ஐயா இருக்கிறாரா?"

"இருக்கிறேன், மேடம்."

"அந்த மீன் மழைக்கு உள்ளே போகும், குஞ்சோடு வெளியே வரும். என் அம்மா இருந்தபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். ஆறு கெட்டுப்போன பிறகு எங்களுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வாய்தான். இவர்கள் என்னென்னவோ பெயர் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள். என் தண்ணீரை மூடுவீர்களா, மாட்டீர்களா?"

எங்களிடம் என்றால் அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். குழுவோடு பேச வேண்டும் என்றிருப்பார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அப்படி நழுவி நான் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். செவுள் படங்களைப் பார்த்தார். பனி உருகி மேஜையில் ஈரம் படர்ந்துகொண்டிருந்த பாக்கெட்டைப் பார்த்தார். போனில் சந்தை இரைந்துகொண்டே இருந்தது, அவள் காத்திருந்தாள்.

"மூட மாட்டோம், மேடம்" என்றார். "பாலம் போடுகிறோம்."

"சரி" என்றாள் ஆன்ட்டி. போனை வைத்துவிட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய தண்ணீரை அவளிடமே விட்டுவைத்ததற்கு எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?